டெக்சஸில் தம்பியோடு கூட்டாக வாங்கிய வீட்டில் அவன் பங்கை என் பெயருக்கு மாற்ற வாரண்டி டீட் எழுதினால் போதுமா?

உரிமையை மாற்ற அது போதும். கடனை மாற்றப் போதாது. டல்லாஸ் பக்கம் ஒரு டைட்டில் கம்பெனியில், அதாவது வீட்டின் உரிமை வரலாற்றைச் சரிபார்க்கும் நிறுவனத்தில், கோப்புகளைப் புரட்டுவதுதான் என் பிழைப்பு. நம்மவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்கள் நிலை எனக்குப் புரிந்த வரை இது: வீட்டில் ஆளுக்குப் பாதி, கடனிலும் இருவர் கையெழுத்து, தம்பி வேலையை விட்டுக் கோவைக்கே போய்விட்டார்.

முதலில் வாரண்டி என்றால் என்னவென்று பார்ப்போம். ஊரில் கிரயப் பத்திரம் படித்திருப்பீர்கள். "மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்" என்று ஒரு வரி வரும். ஜெனரல் வாரண்டி டீட் சொல்வதும் அதையேதான். ஆனால் அது எழுதிக்கொடுப்பவர் வாங்கிய நாளோடு நிற்காது; அவருக்கு முன்னால் இருந்த உரிமையாளர்கள் காலத்து வில்லங்கத்துக்கும் அவரே பொறுப்பு. முப்பது வருடம் முன்பு யாரோ ஒருவர் தங்கையின் கையெழுத்து வாங்காமல் விற்றிருந்தால், அதற்கும் கோவையில் இருக்கும் உங்கள் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் வாரண்டி டீட் என்பதில் பொறுப்பு அவர் உரிமையாளராக இருந்த காலத்துக்கு மட்டும். குவிட்கிளெய்ம் என்றால் எந்தப் பொறுப்பும் கிடையாது. எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் எடுத்துக்கொள் என்பதோடு சரி. டெக்சஸில் ஒரு வீட்டின் பழைய பத்திரங்களின் சங்கிலியில் குவிட்கிளெய்ம் ஒன்றைப் பார்த்தாலே எங்கள் அலுவலகத்தில் புருவம் உயரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது தொல்லை.

அண்ணன் தம்பிக்குள் ஸ்பெஷல் வாரண்டி டீட்தான் நியாயம் என்பது என் கருத்து. இருவரும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் வாங்கினீர்கள். அதற்கு முந்தைய வரலாறு அவருக்குத் தெரிந்த அளவுதான் உங்களுக்கும் தெரியும். பழைய வில்லங்கம் கிளம்பினால் ஈடுகட்டத்தானே வாங்கியபோது எடுத்த டைட்டில் இன்சூரன்ஸ் இருக்கிறது?

இணையத்தில் கிடைக்கும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் படிவங்கள் முழு வீட்டையும் ஒருவரே எழுதிக்கொடுப்பதாக நினைத்துத் தயாரானவை. தம்பி அதில் கையெழுத்திட்டால், தனக்குச் சொந்தமில்லாத உங்கள் பாதிக்கும் சேர்த்து உத்தரவாதம் தந்தவர் ஆகிவிடுவார். "பிரிக்கப்படாத சரிபாதிப் பங்கு" என்று தெளிவாக எழுத வேண்டும். இன்னொன்று, விலக்குப் பட்டியல். இருக்கும் வங்கிக் கடன், நடப்பு ஆண்டு சொத்து வரி, குடியிருப்போர் சங்கத்தின் கட்டுப்பாடுகள் எல்லாம் "இவை நீங்கலாக" என்று அதில் வர வேண்டும். டெக்சஸ் சட்டப்படி பத்திரத்தில் "கிராண்ட்" (வழங்குகிறேன்) அல்லது "கன்வே" (மாற்றித் தருகிறேன்) என்ற சொல் இருந்தாலே, வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, வில்லங்கம் இல்லை என்ற உறுதியும் அதில் அடங்கிவிடுகிறது. கடனைக் குறிப்பிடாமல் விட்டால் கையெழுத்துப் போட்ட நொடியிலேயே அந்த உறுதி பொய்யாகிவிடும். தம்பிக்குத் திருமணமாகியிருந்தால் அவர் மனைவியின் கையெழுத்தையும் அநேகமாகக் கேட்பார்கள். இது கணவன் மனைவி கூட்டுச் சொத்து முறை உள்ள மாநிலம்.

இனி கடன். பெயர் மாறினால் முழுக் கடனையும் உடனே கட்டு என்று கேட்கும் உரிமை பெரும்பாலான அடமானப் பத்திரங்களில் வங்கிக்கு உண்டு. 1982-இன் கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் சில குடும்ப மாற்றங்களுக்கு விலக்குத் தருகிறது: கணவன், மனைவி, பிள்ளைகள். உடன்பிறந்தவர் உயிரோடு இருந்து எழுதிக்கொடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. தவணை ஒழுங்காகப் போனால் வங்கி கண்டுகொள்ளாது என்று வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் சொல்வார்கள். கண்டுகொண்டால் அந்த நாலு பேர் வரமாட்டார்கள். வங்கியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், அல்லது உங்கள் பெயரில் மட்டும் மறுகடன் எடுத்துப் பழைய கடனை அடையுங்கள். அதுவரை தம்பி உரிமை இல்லாத வீட்டுக்குக் கடனாளி. அவர் பங்குக்குப் பணம் தரப்போகிறீர்கள் என்றால் வழக்கறிஞரிடம் "ஓவெல்டி லீன்" (பங்குக்கான தொகைக்காக வீட்டின் மேல் எழுதும் பிணை) பற்றிக் கேளுங்கள். வீட்டின் மேல் ரொக்கம் எடுக்கும் கடனுக்கு டெக்சஸில் மதிப்பில் 80 சதவீதம் என்று உச்சவரம்பு இருக்கிறது. பங்கைப் பிரித்துக்கொள்ள எடுக்கும் கடனை இந்த வழியில் எழுதினால் அந்த வரம்புக்குள் சிக்க வேண்டியதில்லை.

வரியில் கவனிக்க வேண்டியது, தம்பி இப்போது அமெரிக்காவில் இல்லை என்பது. வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர் ஆகிவிட்டால், பங்கை வாங்கும் நீங்கள் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் ஏற்றுக்கொள்ளும் கடனும் தொகையில் சேரும். நீங்களே குடியிருக்கும் வீடு, தொகை 3 லட்சம் டாலருக்கு மேற்படவில்லை என்றால் விலக்கு உண்டு. சும்மா கொடுத்தால் நல்லதுதானே என்பீர்கள். 2025-இல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை தரும் அன்பளிப்புக்குக் கணக்கே இல்லை. அதற்கு மேல், இங்கேயே நிரந்தரமாக இருப்பவருக்குக் கிடைக்கும் ஆயுள்காலக் கழிவு, அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் ஊருக்கே குடிபெயர்ந்தவருக்குக் கிடையாது. அமெரிக்க நிலம் என்பதால் அன்பளிப்பு வரி அவரைத் துரத்தும். எழுதுவதற்கு முன்பே கணக்காளரைப் பாருங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இங்கே கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) பதிவேட்டில் குடும்பப் பெயர் வரிசையில்தான் தேடுவார்கள். வாங்கும்போது அப்பா பெயர் கடைசியில், பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது தலைகீழாக, குடியுரிமை வாங்கும்போது முதலெழுத்து விரிந்து என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். பழைய பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதி, இப்போதைய பெயரையும் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டு முகவரி மட்டும் போதாது. மனை எண், பிளாக், மனைப்பிரிவின் பெயர், வரைபடப் பதிவு எண் எல்லாம் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே வர வேண்டும்.

தம்பி இதற்காக விமானம் ஏற வேண்டாம். சென்னை ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து, நோட்டரி முன் கையெழுத்திடலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். அங்கே போய்த்தான் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகக்கூடாது. அசல் கூரியரில் வந்ததும் வீடு இருக்கும் கவுன்டியின் கிளார்க் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். முத்திரைத்தாள் செலவு கிடையாது. சொத்து கைமாற்று வரி விதிக்கவே கூடாதென்று 2015-இல் டெக்சஸ் அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். பதிவுக் கட்டணம் சில பத்து டாலர்தான். பதிந்த சில வாரங்களில் அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வரும், சான்றளித்த நகலுக்கு நூறு டாலர் அனுப்பு என்று. அது தனியார் வியாபாரம். கிழித்துப் போட்டுவிடுங்கள்; அதே நகல் கிளார்க்கிடம் சில டாலருக்குக் கிடைக்கும்.