வயிற்றில் நெறிகட்டி: எந்த எண்ணைப் பார்ப்பது?

கே: வயிற்றுவலிக்காக என் 8 வயது மகனுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தோம். 'குடல்தாங்கியில் பல நிணநீர்க் கணுக்கள், பெரியது 14 x 6 மி.மீ.' என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. புற்றுநோயாக இருக்குமோ?

ப: இந்த ஒரு வரியை வைத்து அப்படி நினைக்க இடமில்லை. நிணநீர்க் கணு வீங்குவதைத்தான் நெறிகட்டி என்கிறோம். குடல்தாங்கி என்பது குடலைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வு. இரண்டு எண்களில் சின்னதைப் பாருங்கள். கணு அவரை விதை மாதிரி நீண்டிருக்கும். ஸ்கேன் பார்க்கும் கோணம் மாறினால் நீளமும் மாறும். குறுக்களவு அவ்வளவாக மாறாது. அதனால் நாங்கள் கணக்கில் எடுப்பது குறுக்களவைத்தான். குழந்தைகளுக்குக் குடல்தாங்கியில் 8 மி.மீ. வரை குறுக்களவுள்ள கணுக்கள் நோய் எதுவும் இல்லாமலே தெரியும். சளிக்காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் வீங்கும், தானே வடியும்.

கணுவைவிட முக்கியமானது குடல்வால். அது முழுதாகத் தெரிந்ததா, விட்டம் 6 மி.மீ.க்குள் இருந்ததா, அழுத்தியபோது அமுங்கியதா? இதெல்லாம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். குடல்வால் அழற்சியிலும் பக்கத்துக் கணுக்கள் வீங்குமே! 'குடல்வால் தெரியவில்லை' என்று எழுதியிருந்து, வலது அடிவயிற்று வலியும் ஏறிக்கொண்டே போனால், 'வெறும் நெறிகட்டிதான்' என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றே மறுபடி காட்டுங்கள்.

கே: பெரியவர்களுக்கு எத்தனை மி.மீ. தாண்டினால் கவலைப்பட வேண்டும்?

ப: எந்த இடம் என்று தெரியாமல் எண் சொல்ல முடியாது. வயிற்றுப் பெருந்தமனியை ஒட்டியிருந்தால் குறுக்களவு சுமார் 10 மி.மீ. வரை விடலாம். இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவே 8. உதரவிதானத்தின் கால்களுக்கு (அதை முதுகெலும்போடு இணைக்கும் தசைப் பட்டைகளுக்கு)ப் பின்னால் என்றால் 6 மி.மீ. தாண்டினாலே விசாரிப்போம்.

அளவுக்கு அடுத்தது உருவம். நடுவில் கொழுப்பு தெரியும் 12 மி.மீ. தட்டைக் கணுவைவிட, கொழுப்பு மறைந்து உருண்டையான 9 மி.மீ. கணுதான் என்னை உறுத்தும். படத்தைத் தெளிவாக்கும் மருந்தை ரத்தத்தில் செலுத்தி எடுத்த சி.டி.யில் நடுப்பகுதி கறுத்து, ஓரம் மட்டும் வளையமாக மின்னி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் காசநோயை நினைப்போம். ஒரே சீராகப் பருத்து, குடல்தாங்கியின் ரத்தக்குழாய்களை இருபுறமும் அணைத்துக்கொண்டால் லிம்ஃபோமாவை, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோயை, நினைப்போம். இந்தத் தோற்றத்துக்கு 'சாண்ட்விச்' என்றே பெயர். ஆனால் வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோயிலும் நடு கருக்கும். ஆக, படம் சந்தேகத்தைத்தான் தரும், முடிவைத் தராது.

கணுவே இல்லாததும் கணுவாகத் தெரியும். ஸ்கேனுக்காகக் குடிக்கத் தரும் மருந்து போய்ச் சேராத குடல் மடிப்பு அப்படி ஏமாற்றும். உதரவிதானக் காலுக்குப் பின்னே இருக்கும், நிணநீர் வந்து சேரும் பையும் ஏமாற்றும். தண்ணீரின் அடர்த்தியைக் காட்டுவதால் அது பிடிபட்டுவிடும்.

கே: பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?

ப: தெரியாது. செலுத்திய சர்க்கரை மருந்தை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன் அது. காசநோய்க் கணுவும் புற்றுநோய்க் கணு போலவே ஒளிரும். எந்தக் கணுவில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுக்கலாம் என்று காட்டவே பெட் ஸ்கேன் உதவும். லிம்ஃபோமா சந்தேகம் என்றால் நுண்ணூசியில் உறிஞ்சிய செல்கள் பெரும்பாலும் போதாது, திசுத் துண்டே வேண்டும். அதை எடுக்கும் முன் ஸ்டீராய்டு தொடங்கினால் கணு சுருங்கி, சோதனையில் நோய் ஒளிந்துகொள்ளும்.