காலையில் மட்டும் மிஸ்ஃபயர் ஆகும் பழைய எம்எக்ஸ்-5

காருக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டாம். காசிமேட்டில் திறந்தவெளியில் நிற்கும் உங்கள் 1.6 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் அதிகாலையில் மிஸ்ஃபயர் ஆகி, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் திணறி, வெயில் ஏறியதும் சீராகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் ஒயர்களைத்தான். கடற்காற்றின் ஈரமும் உப்பும் படிந்த ஒயரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலே, மின்சாரம் பிளக்கை எட்டாமல் என்ஜின் உடம்பில் இறங்கிவிடும்.

இரவில் என்ஜினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, ஒயர்கள்மேல் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பாருங்கள். நீலப் பொறி தெறிக்கும் இடமே பழுது. கையால் தொடவே கூடாது. பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் என்ஜின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வு கவர் கேஸ்கட்டையும் மாற்றுங்கள், இல்லையேல் புது ஒயரும் ஊறிக் கெடும்.

இந்தக் காரில் 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தருவது), 2, 3-க்கு மற்றொன்று. அந்த ஜோடியில் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து மிஸ்ஃபயர் ஆனால் காயிலைச் சோதியுங்கள். சூடான பிறகும் ஒரே சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.