தெரு சொல்வதற்கு முன்

அன்புள்ள அக்கா,

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். தத்தெடுப்பது என்று நானும் அவரும் முடிவு செய்துவிட்டோம். தெரிந்த ஆயா ஒருவர், "பிரசவம் ஆன கையோடு குழந்தையை வாங்கித் தரேன், பர்த் சர்டிபிகேட்டே உங்க பேர்ல வந்துடும்" என்கிறார். மாமியாரோ "நம்ம ரத்தம்" என்று கொழுந்தனாரின் மூன்றாவது பெண்ணை எடுக்கச் சொல்கிறார். வேறு ஏரியாவுக்குக் குடிபோய்விட்டால் குழந்தைக்கே தெரியாமல் வளர்த்துவிடலாம் என்பது என் வீட்டுக்காரர் எண்ணம். என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

ஆயா காட்டும் வழிக்கு மட்டும் போய்விடாதீர்கள். அது குழந்தை வியாபாரம். வாங்குகிறவருக்கும் 5 வருடம் வரை சிறை உண்டு. முறைப்படி குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் தருகிறது சட்டம். ஆயா கைமாற்றும் குழந்தையின் தாய்க்கு ஒரு நாள்கூடக் கிடையாது. அந்தப் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள்.

சான்றிதழுக்காகப் பொய் சொல்லவும் அவசியமில்லை. மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் தளத்தில் பதிந்து, வீட்டு ஆய்வு முடிந்து, கலெக்டர் உத்தரவு வந்துவிட்டால் (2022 முதல் இதற்குக் கோர்ட் படி ஏற வேண்டாம்) உங்கள் இருவரையும் பெற்றோராகப் போட்டே பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், கஷ்டம்தான். அதனால் உடனே பதியுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் உங்கள் இருவர் வயதும் சேர்த்து 85-ஐத் தாண்டக் கூடாது.

கொழுந்தனார் பெண்ணை எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஓரகத்திக்கு மனசாரச் சம்மதமா என்று, மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்களே கேளுங்கள். ஐந்து வயது ஆகியிருந்தால் அந்தப் பெண்ணையும்தான்.

சரி, ரகசியம். நம் பக்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எது மறைகிறது? காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குக் கேரம் போர்டில்தான் விஷயம் தெரிந்தது. ரெட் யாருக்கு என்ற சண்டையில் ஒருவன், "நீ எடுத்துட்டு வந்த புள்ளதானேடா" என்று கத்திவிட்டான். இவன் ஸ்ட்ரைக்கரை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், ரேஷன் கார்டை எடுத்துத் தன் பெயரைத் தேடியிருக்கிறான். பெயர் இருந்தது. அப்படியும் பல மாதம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "தெருவுக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல" என்பதுதான் அவனுக்கு ஆறவே இல்லை.

அதனால் குழந்தை வந்த நாளிலிருந்தே, அதற்குப் புரியாத வயதிலேயே, சொல்லத் தொடங்கிவிடுங்கள். உன்னைக் கூட்டிவர அப்பாவும் நானும் வந்தோம், நீ என்ன சட்டை போட்டிருந்தாய், ஆட்டோவில் எப்படித் தூங்கினாய் என்று சோறு ஊட்டும்போது சொல்லுங்கள். குடிபோகவும் வேண்டாம். புது வீட்டு அட்வான்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் இப்போது இருக்கும் தெருவிலேயே பந்தல் போட்டுப் பெயர் வையுங்கள். எனக்கும் சொல்லி அனுப்புங்கள், கட்டாயம் வருகிறேன்.