பல்லிலிருந்து கிணற்றுக்குப் போன மருத்துவர்

கேள்வி: பலருக்கும் பெயர் தெரியாத, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய இந்திய மருத்துவ ஆராய்ச்சியாளர் யார்?

டாக்டர் சி. ஜி. பண்டிட். சிந்தாமன் கோவிந்த் பண்டிட் என்பது முழுப்பெயர். 1895-இல் பிறந்து 1991 வரை வாழ்ந்தவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர். எனக்கு அவரை அறிமுகம் செய்தது அந்தப் பதவி அல்ல, என் முன்பற்கள்.

நான் பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வளர்ந்தவன். என் முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள், இடையிடையே சுண்ணாம்பு தெளித்தது போல் வெள்ளைத் திட்டுகள். பாட்டி என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, அடுப்புக்கரியில் செங்கல்தூளைக் கலந்து விரலால் அழுத்தித் தேய்ப்பார். ஈறு கிழிந்து ரத்தம் வரும், கறை மட்டும் அப்படியே இருக்கும். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தி, "நாளையிலிருந்து பல் விளக்கிவிட்டு வா" என்றார். விளக்கிவிட்டுத்தான் போயிருந்தேன். அன்றிலிருந்து பல வருடங்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தேன். அக்காவின் வரன் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவள் உதடு ஒட்டியே இருக்கும்.

அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே கழுத்து விறைத்துவிட்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப முடியாது, உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். ஏர் ஓட்டிய உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். மகனின் பல்லும் அப்பாவின் கழுத்தும் ஒரே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தவை என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

தர்மபுரியில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அது தெரிந்தது. அங்கிருந்த மூத்தவர் ஒருவர் என் பல்லைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் பழைய கட்டுரை ஒன்றின் நகலை மேசையில் வைத்தார். 1937-இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் வந்தது. எழுதியவர்கள் ஹென்றி ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், குடிநீரில் இருந்த ஃபுளோரைடு மனிதர்களின் பல்லையும் எலும்பையும் என்ன செய்தது என்பதே பொருள். மாடுகள் நொண்டுவதை அந்தப் பக்கத்து உழவர்கள் அதற்கு முன்பே கவனித்திருந்தார்களாம்.

ஷார்ட் பெரிய ஆராய்ச்சியாளர். பின்னாளில் மலேரியாக் கிருமி ரத்தத்துக்கு வருமுன் கல்லீரலில் தங்கி வளர்கிறது என்பதை 1948-இல் கார்ன்ஹாம் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால் ஃபுளோரைடு ஆய்வை மேலும் கொண்டுபோனவர்களில் ஒருவர் பண்டிட். 1940-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட நீண்ட ஆய்வு, குழந்தைகளின் பற்கறையையும் பெரியவர்களின் எலும்பு விறைப்பையும் ஒன்றாக வைத்துப் படித்தது. அதே தண்ணீரைக் குடித்தாலும் சத்துக் குறைந்தவர்களை நோய் கூடுதலாகத் தாக்குவதையும் அதில் ஆராய்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையை யாரோ அப்போதே வந்து பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது எனக்கு. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

எங்கள் மண்ணின் அடியில் இருப்பது பழைய கடினப் பாறை. அதன் கனிமங்களில் உள்ள ஃபுளோரைடு நீரில் கரைகிறது. மழை குறைந்து, கிணறு ஆழமாகப் போகப் போக இந்தத் தொல்லை கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல் கெட்டுப்போகும். பல் வெளியே வந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. பாட்டி பாவம், அவருக்கு அது தெரியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மாதிரி கொண்டுவந்து தருகிற தாய்மார்களிடம் இதை வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்கிறேன்.

பண்டிட்டின் பிற்காலம் ஆராய்ச்சி நிறுவனங்களை வளர்ப்பதில் கழிந்தது. 1911-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிதிச் சங்கம் 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆனது. 1964 வரை அதை நடத்தியவர் அவர். புனேயில் 1952-இல் வைரஸ் ஆராய்ச்சி மையம் வந்தது. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1964-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

அந்தக் காலத்தில் நடந்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது சென்னைக் காசநோய் ஆய்வு. 1956-இல் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோக்க, காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும் மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் குணமானார்கள், உடனிருந்த குடும்பத்தினருக்கும் அதனால் ஆபத்து கூடிவிடவில்லை. எங்கள் தெருவில் பெரியம்மா ஒருவர் காசநோய் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கி வந்து, வீட்டிலேயே கேழ்வரகுக் களி தின்று தேறினார். அப்படித் தேற முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த ஆய்வு. அதைப் பண்டிட் தனியாகச் செய்யவில்லை, ஆனால் அவர் இயக்குநராக இருந்த கழகம் அதற்குத் தோள் கொடுத்தது.

ஹைதராபாத் ஆய்வகம் பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அங்குள்ளவர்கள் 2002-இல் சிறுவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்து, சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறுவதைப் பதிவு செய்தார்கள். புளியமரங்கள் நிறைந்த எங்கள் மாவட்டத்துக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறென்ன இருக்கிறது? ஆனால் புளி ஒன்றே போதும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம், தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

அந்தத் தண்ணீர் வந்தது 2013-இல். ஜப்பான் கடனுதவியோடு, 2008-இல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரியைக் கொண்டுவந்தது. 1937-க்கும் 2013-க்கும் இடையே 76 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் இங்கே குழந்தைகள் பிறந்தார்கள், கறைப் பல்லோடு வளர்ந்தார்கள், பள்ளியில் எழுந்து நின்றார்கள். கட்டுரையை எழுதியவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, தணிக்க விரும்பவும் இல்லை.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. போன மாதம் முதல் முன்பல் விழுந்து, புதியது அரிசிமணி அளவு எட்டிப் பார்க்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கோடு எதுவும் இல்லை. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் நாங்கள் இன்றும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் துவைக்கவும் மாட்டுக்கும் எடுக்கிறோம். அவள் குடிக்கவென்று ஒகேனக்கல் தண்ணீர் நிரப்பிய ஒரு எவர்சில்வர் குடம் அடுப்படி மூலையில் தனியாக மூடி இருக்கிறது. எட்டு வயது முடியும்வரை அதில் வேறு யாரும் சொம்பு விடக் கூடாது.