மண்ணில் சயனைடு அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. முறையை எப்படிச் சரிசெய்வது?

கோலார் தங்கவயலில், சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த பழைய கழிவு மேட்டுப் பக்கத்து மண் என்கிறீர்கள். கருவியைத்தான் சந்தேகப்படுகிறீர்கள் போலிருக்கிறது. முதலில் ஓவனைச் சந்தேகப்படுங்கள்.

நான் மாரிக்குப்பத்துக்காரன். தாத்தா சுரங்கத்தில் இருந்தவர், நாங்கள் சயனைடு மேட்டில் விளையாடி வளர்ந்தவர்கள். அதனால் கொஞ்சம் சூடாகத்தான் பேசுவேன். பெங்களூரில் ஒரு தனியார் லேபில் வேலை பார்த்தபோது, மனை விற்கும் ஒருவர் மண் கொண்டுவந்தார். உலோகச் சோதனைக்குச் செய்வதுபோல அதையும் 105 டிகிரியில் காயவைத்துச் சலித்து என்னிடம் தந்தார்கள். தளர்வான சயனைடு ஹைட்ரஜன் சயனைடாகத்தான் பறந்துபோகும்; அதன் கொதிநிலையே சுமார் 26 டிகிரி! ஈர மண் வேண்டும் என்றேன். "கஸ்டமர் காத்திருக்கார், உனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றார் மேலாளர். கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். புது சாம்பிள் வந்தது, சயனைடும் காட்டியது. அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் கிடையாது. விஷ ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட்டின் மோட்டாரைச் சரிசெய்யக் காசில்லை என்றவர்கள் வரவேற்பறையில் மீன்தொட்டி வைத்தார்கள். சரி, அதை விடுங்கள்.

இரும்போடு சேர்ந்த சயனைடு ஓவனில் எப்படிப் போகும் என்று யாராவது கேட்பார்கள், தெரியும். அது பெரும்பாலும் தங்கிவிடும். போவது தளர்வாக இருப்பது. விஷமாக உடனே வேலை செய்வதும் அதுதான்.

ஈர மண்ணையே எடைபோடுங்கள். இன்னொரு பகுதியைத் தனியாகக் காயவைத்து ஈரப்பதத்தைக் கணக்கில் கழியுங்கள். சாம்பிள் வெளிச்சம் படாமல் 4 டிகிரியில் இருக்கட்டும்; வெயில் இரும்புச் சயனைடை உடைக்கும். இரும்புச் சயனைடின் நீல உப்பான பிரஷ்யன் நீலம் அமிலத்தில் எளிதில் கரையாது, அதனால் முதலில் சோடியம் ஹைட்ராக்சைடில் நன்றாகக் குலுக்கிப் பிரித்தெடுங்கள். டிஸ்டிலேஷன், அதாவது அமிலம் சேர்த்துக் காய்ச்சிச் சயனைடை வாயுவாகப் பிரித்துப் பிடிப்பது, அப்புறம்.

அந்த ஊர்த் தாதுவில் சல்ஃபைடு உண்டு. அது நிறத்தை வைத்துச் சயனைடை அளக்கும் நிறமானியை ஏமாற்றும். லெட் அசிடேட் தாள் கறுத்தால் பிஸ்மத் நைட்ரேட் சேர்க்க வேண்டும். நைட்ரேட், நைட்ரைட் இருந்தால் சல்ஃபாமிக் அமிலம்.

அளப்பது மொத்தச் சயனைடா, எளிதில் பிரியும் சயனைடா என்பதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். பாதிப் பேர் எழுதுவதே இல்லை, பிறகு இரண்டு லேபின் எண்களை வைத்துச் சண்டை போடுகிறார்கள். மொத்தச் சயனைடு அளந்தால், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மண்ணில் தெரிந்த அளவு பொட்டாசியம் ஃபெரிசயனைடு போட்டுப் பாருங்கள். அது ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வராவிட்டால் தப்பு பெரும்பாலும் நீங்கள் பிரித்தெடுப்பதிலோ டிஸ்டிலேஷனிலோதான்.