சுத்தியல் டெஸ்டில் 36 வந்திருக்கிறது, மாடி எழுப்பலாமா?

திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் 1998-ல் கட்டிய தரைத்தள வீடு, ஆறு தூணில் சுத்தியல் வைத்துப் பார்த்து சராசரி 36 வந்ததால் “தாராளமாக மாடி கட்டலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 36-ஐ மட்டும் வைத்துக் கட்டாதீர்கள். மதுரையைச் சுற்றிப் பதினாலு வருடமாகக் கட்டட சோதனை வேலை பார்க்கிறேன், அதில் பட்டதைச் சொல்கிறேன்.

அந்தச் சுத்தியலுக்கு ரீபவுண்ட் ஹேமர் என்று பெயர். உள்ளே ஒரு ஸ்பிரிங். தூணில் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் எடை அடித்துத் திரும்பும். எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதுதான் அந்த எண். ஆக அது பார்ப்பது மேல்தோலின் கடினத்தை. தூணின் பலம் என்பது அதிலிருந்து நாம் ஊகிப்பது.

முதலில் சுத்தியலே சரியா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆன்வில் என்று கனத்த எஃகு உருளை ஒன்று உண்டு. சுமார் 16 கிலோ. அதன் மேல் அடித்தால் சாதாரணமாக 80 வரவேண்டும், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் இப்படிப் பார்க்கச் சொல்லித்தான் நம் நாட்டு விதியும் இருக்கிறது. ஆனால் 16 கிலோவை பைக்கில் யார் தூக்கி வருவது? சான்றிதழை மட்டும் காட்டிவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வாடிப்பட்டி பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வேறொருவர் சோதித்து, தூண்களில் 24 வருகிறது, எல்லாத் தூணுக்கும் சுற்றிக் கம்பி கட்டி மறுபடி கான்கிரீட் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உரிமையாளர் கடன் வாங்கத் தயாராகிவிட்டார். நான் போனபோது அவருடைய சுத்தியலும் அங்கேயே இருந்தது. என் ஆன்வில்லில் வைத்து அடித்தேன். 71. மறுபடி அடித்தேன். 70. கழற்றிப் பார்த்தால் உள்ளே எடை ஓடும் கம்பி முழுக்க சிமென்ட் தூசி, ஓட்டமே இல்லை. துடைத்து மாட்டியதும் 79 வந்தது. அதே தூண்களில் பிறகு 31, 32. ஒரு துணித்துண்டால் தீர வேண்டிய விஷயத்துக்கு அந்த மனிதர் ஒரு மாதம் தூக்கமில்லாமல் இருந்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

உங்கள் வீட்டில் நான் பயப்படுவது எதிர்ப்பக்கத்து தப்பை. பழைய கான்கிரீட்டில் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிமென்ட்டின் சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்கிவிடும். சுத்தியல் நன்றாகத் துள்ளும், எண் ஏறும், உள்ளே பலம் அப்படியேதான் இருக்கும். நான் ஓரமாக ஒரு சில்லை உடைத்துவிட்டு, புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டும் மருந்தைத் தெளிப்பேன். உள்பக்கம் சட்டென்று ரோஸ் நிறமாகும். வெளிப்பக்கம் நிறமே மாறாமல் நிற்கும் பட்டைதான் இறுகிப்போன ஆழம். கம்பி வரை அந்தப் பட்டை போயிருந்தால் துருவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பூச்சை உரிக்காமல் அடித்திருந்தாலோ அந்த 36-க்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், சுத்தியலின் மேல் ஒட்டியிருக்கும் வரைபடம் தயாரித்தவர்கள் தங்கள் ஊர்க் கல்லை வைத்துப் போட்டது. நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லிக்கு அது அப்படியே பொருந்தாது. 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கட்டிகளை மெஷினில் லேசான சுமையில் பிடித்து, பக்கங்களில் அடித்து எண் எடுத்து, பிறகு அதே கட்டியை நொறுக்கிப் பார்த்துத்தான் சொந்த வரைபடம் போட வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் பலத்தில் 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

அதனால் கூடவே அல்ட்ராசோனிக் பாருங்கள். தூணின் இரு பக்கமும் சென்சாரை கிரீஸ் தடவி வைத்து, ஒலி கடக்கும் நேரத்தை அளப்பது. இதற்கும் நேரம் பொறித்த ஒரு உலோகத் தண்டு கூடவே வரும். அதில் வைத்துச் சரிசெய்த பிறகே தூணுக்குப் போக வேண்டும். 9 அங்குலத் தூண் என்றால் 230 மில்லிமீட்டர். 60 மைக்ரோ செகண்ட் என்றால் நொடிக்கு 3.8 கிலோமீட்டர், நல்ல கான்கிரீட். 70 காட்டினால் 3.3, சந்தேகத்துக்குரிய ரகம். வெறும் பத்து மைக்ரோ செகண்டில் தீர்ப்பே மாறுகிறது. சந்தேகம் தீராவிட்டால் மூன்று இடத்தில் கோர், அதாவது உருளையாகத் துளைத்தெடுத்த கான்கிரீட் துண்டு, எடுத்து நொறுக்கிப் பார்ப்பதுதான் வழி.

சரி, இவ்வளவும் தூணுக்குத்தான். கடைக்காலைப் பற்றிச் சுத்தியல் ஒரு வார்த்தை சொல்லாது. கரிசலில் எனக்கு முதல் கவலையே அதுதான். ஒரு மூலைத் தூணோரம் ஆள் விட்டுத் தோண்டி, அடித்தளம் எத்தனை அடி ஆழம், எவ்வளவு அகலம், எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழாய் மண்ணில் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணும் சோதனையைச் சித்திரையில் செய்தால் வறண்ட கரிசல் பாறை மாதிரி எண் காட்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே மண் இளகிவிடும். எனவே மண் எடுத்து, எவ்வளவு உப்புகிறது என்றும் லேபில் பார்க்கச் சொல்லுங்கள்.

மண் மேல் தட்டு வைத்துச் சுமை ஏற்றும் சோதனை செய்தால், தட்டு எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் டயல் கேஜ் மாட்டிய கம்பியின் மேல் பந்தல் போடச் சொல்லுங்கள். அந்த கேஜ் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கைக்கூடக் காட்டும். நம் ஊர் வெயிலில் கம்பி நீண்டு வளைந்தால், மண் இறங்கியதா கம்பி அசைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பூச்சை உரித்துத்தான் அடித்தார்களா, ஆன்வில்லில் எவ்வளவு வந்தது, அடித்தளம் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.