“நல்ல குதிரைதான், ஆனா என் குதிரை இல்லையே” – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியக் கல்லூரி முடித்தபின் குதிரைகளின் உருவப்படங்களை வரைந்து வருகிறேன். வளர்ப்பவர்கள் கைபேசியில் எடுத்த படங்களை அனுப்புவார்கள், நான் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுப்பேன். சமீபத்தில், இறந்துபோன ஒரு வெள்ளைக் குதிரையை வரைந்தேன். புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அளவு பிசகாமல் செய்த வேலை. உரிமையாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்ல குதிரைதான், ஆனா என் குதிரை இல்லையே” என்றார். எங்கே தவறியது என்று புரியவில்லை. உடன் படித்தவர்களோ இது ஆர்டர் வேலை, கலை இல்லை என்கிறார்கள். இதிலேயே தொடரலாமா?

வி.

அன்புள்ள வி.,

நண்பர்கள் சொன்னதை முதலில் பேசி முடித்துவிடுவோம். அந்தத் தரவரிசை மிகப் பழையது. 1667-இல் பிரான்ஸில் ஆந்த்ரே ஃபெலிபியன் என்ற கலை எழுத்தாளர் ஓவிய வகைகளுக்குப் படிநிலை வகுத்தபோது வரலாற்றுக் காட்சிகளை உச்சியில் வைத்தார். மனித உருவப்படம் அதற்குக் கீழே, விலங்குகள் அதற்கும் கீழே. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸை அவர் காலத்தில் ‘குதிரை ஓவியர்’ என்று ஒதுக்கியதும் அந்த மனநிலைதான். அவர் 1762 வாக்கில் வரைந்த ‘விசில்ஜாக்கெட்’ இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம். சவாரிக்காரர் இல்லை, சேணம் இல்லை, பின்னால் மரமோ வானமோ எதுவும் இல்லை. அந்த ஒரு குதிரை மட்டுமே நிற்கிறது. ராக்கிங்ஹாம் பிரபு தன் குதிரையை வரையச் சொல்லி வரைந்த ஆர்டர் வேலைதான் அது.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அந்த உரிமையாளர் சொன்னது எந்த விமர்சகரும் உங்களுக்குச் சொல்லித் தந்துவிட முடியாதது. மலையையோ ஆற்றையோ வரைந்தால் பார்ப்பவருக்கு அந்த இடத்தைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தைப் பார்ப்பவரோ அந்த முகத்தைத் தினமும் தேய்த்துவிட்டவர், இருட்டில் தடவிப் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடியவர். இவ்வளவு கடினமான பார்வையாளர் வேறெந்த ஓவியருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

கைபேசியின் லென்ஸ் அகலக்கோணம் கொண்டது. குதிரைக்கு முன்னால் கைநீட்டும் தூரத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்து, கண்ணும் காதும் பின்வாங்கி, பின்னுடல் குறுகிவிடும். கட்டம் போட்டபோது லென்ஸின் பிழையையும் சேர்த்தே பிசகாமல் அளந்துவிட்டீர்கள். குதிரை உயிரோடிருந்தால் தள்ளி நின்று, ஜூம் செய்து, அதன் கண்மட்டத்துக்குக் கேமராவை வைத்து எடுக்கச் சொல்லலாம். இறந்த குதிரைக்கு அந்த வழி இல்லை. ஆகவே ஒரே படத்தை நம்பாமல் கிடைக்கிற எல்லாப் படங்களையும் வாங்கிப் பரப்பி வையுங்கள். காணொளி இருந்தால் அதைவிட நல்லது.

வெள்ளைக் குதிரை என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் வெள்ளை என்று சொல்லும் குதிரைகளில் மிகப் பல கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்து வெளுத்தவை. மேலே முடி வெளுத்தாலும் அடியில் தோல் கறுப்பாகவே இருக்கும். முடி மெலிந்த உதட்டிலும் மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் அந்தக் கறுப்பு வெளியே தெரியும். வெறும் டைட்டானியம் வெள்ளையைப் பூசினால் சுண்ணாம்பு பொம்மைபோல் ஆகிவிடும். இன்னொன்று: உங்களுக்கு வந்தவை கடைசி ஆண்டுகளின் படங்களாக இருக்கலாம். அவர் மனதில் இருப்பதோ, பின்தொடையில் சாம்பல் வட்டங்கள் இன்னும் மறையாத வயதாக இருக்கலாம். எந்த வயதுக் குதிரையை வரைய வேண்டும் என்று கேட்டீர்களா?

பிறகு சுழி. நெற்றியில் முடி எந்தப் பக்கம் சுழல்கிறது, கண்களுக்கு நடுவிலா சற்று மேலேயா என்பது குதிரைக்குக் குதிரை மாறும். அடையாள ஆவணங்களில்கூட அதைக் குறித்து வைக்கிறார்கள். கண்ணை இன்னும் கவனமாகப் பாருங்கள். குதிரையின் பாவை வட்டமல்ல, கிடைமட்டமாக நீண்டது. அதன் மேல்விளிம்பில் கரிய மணிகள் போன்ற சிறு திரட்சிகள் உண்டு. பலர் அவசரத்தில் மனிதக் கண்ணை வரைந்து, ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த இடத்திலேயே படம் செத்துப்போகிறது.

உடலமைப்பு தெரியாமல் இதெல்லாம் நிற்காது என்பதும் உண்மை. முன்காலில் முட்டி என்று நாம் நினைப்பது எலும்புக் கணக்கில் மணிக்கட்டு. ஒவ்வொரு காலும் ஒற்றை விரல் நுனியில் நிற்கிறது. இதை அறியத்தான் ஸ்டப்ஸ் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒன்றரை ஆண்டு தங்கி, இறந்த குதிரைகளைக் கப்பி கட்டித் தூக்கி நிறுத்தி, தோலிலிருந்து எலும்புவரை அடுக்கடுக்காக உரித்து வரைந்தார். 1766-இல் அது புத்தகமாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் ரோசா போனர் உயிருள்ள குதிரைகளிடம் போனார். அவரும் ஒன்றரை ஆண்டு, பாரிஸின் குதிரைச் சந்தைக்கு வாரம் இரண்டு முறை, யாரும் தொந்தரவு செய்யாதிருக்க ஆண் உடையில் போய் வரைந்துகொண்டே இருந்தார். அவருடைய ‘குதிரைச் சந்தை’ ஓவியத்தின் முன் நின்றால் அந்த ஒன்றரை ஆண்டு தெரியும். பொதுவாக ஒரு குதிரை எப்படி இருக்கும் என்பது கைக்கு வந்த பிறகுதான், இந்தக் குதிரை எங்கெல்லாம் அதிலிருந்து விலகுகிறது என்பது கண்ணில் படும். நீங்களும் ஒரு லாயத்துக்குப் போங்கள். கரித்துண்டும் மலிவான தாளும் போதும். அசையாமல் நிற்காதே என்று கவலைப்படாதீர்கள். ஐந்தாறு கோடுகளில் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது வந்தால் போதும்.

உரிமையாளரிடம் குதிரையின் குணத்தைக் கேட்காதீர்கள். ‘ரொம்பப் பாசமானது’ என்பார், அதை வைத்து எதையும் வரைய முடியாது. எங்கே தட்டிக்கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்கும்போதெல்லாம் பதிலுக்கு முன் கை எழுந்துவிடும். காற்றில் ஒரு உயரத்தில், ஒரு சாய்வில் உள்ளங்கை நிற்கும். கழுத்து எவ்வளவு தாழ்ந்திருந்தது, தலை எந்தப் பக்கம் சாய்ந்து வந்தது என்பதெல்லாம் அந்தக் கையில் இருக்கும். உடனே கோடு போட்டுக்கொள்வேன். தீவன வாளியின் சத்தம் கேட்டால் எந்தக் காது முதலில் திரும்பும் என்றும் கேட்பேன். யாரும் யோசித்துப் பதில் சொன்னதில்லை.

தாராளமாகத் தொடருங்கள். அந்தப் படத்தின் மேல் திருத்தாதீர்கள், லென்ஸின் பிழை அடித்தளத்திலேயே இருக்கிறது. அவர் சம்மதித்தால் ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்கத் தலையை மட்டும் கரித்துண்டில் வரையுங்கள். “கொஞ்சம் கீழே”, “காது இவ்வளவு நீளம் இல்லை” என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார். அவர் சொல்வது நின்ற பிறகு கேன்வாஸை எடுங்கள்.